பார்க்காமல் சொன்ன ‘கன்ஃபர்ம்’

“விமானம் ஓட்டுறது சைக்கிள் ஓட்டுற மாதிரிதான் கேப்டன். ஒரு தடவ பழகிட்டா மறக்காது.”

இந்த வாக்கியத்தை முதலில் சொன்ன ஆள் யாரென்று தெரிந்தால், நேரில் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வருவேன். நோய்த்தொற்றுக் காலத்தில் விமானங்களை வரிசையாக நிறுத்தி, எஞ்சின்களின் வாயை மூடிக் கட்டி வைத்திருந்த மாதங்களில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிற்று. சொன்னவர்களில் பாதிப் பேர் வாழ்நாளில் விமானம் ஓட்டாதவர்கள். மீதிப் பேர் ஓட்டத் தெரிந்தவர்கள். அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்கள் காலத்திலும் ஒரு முடக்கம் வரும். நோயாக இருக்கலாம், எங்கோ நடக்கும் சண்டையில் வான்வழியை மூடுவதாக இருக்கலாம், எரிமலைச் சாம்பலாகக்கூட இருக்கலாம். அப்போது உங்களிடமும் யாராவது இந்தச் சைக்கிள் கதையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இதில் என் தப்பும் இருக்கிறது. அதை ஒளித்து வைத்துவிட்டு உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும்.

அப்போது நான் சிமுலேட்டர் தேர்வாளன். சிமுலேட்டர் என்பது தரையில் நின்றபடி பறக்கும் பொய் விமானம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பைலட்டுகள் அங்கே வந்து, எஞ்சின் தீப்பிடித்தால் என்ன செய்வார்கள், சக்கரம் இறங்காவிட்டால் என்ன செய்வார்கள் என்று செய்து காட்ட வேண்டும். முதல் நாள் பயிற்சி, மறுநாள் தேர்வு. தேர்ச்சித் தாளில் என் கையெழுத்து விழுந்தால்தான் அவர்கள் மறுபடி விமானத்தில் ஏறலாம்.

முடக்கத்தின்போது இந்தக் காலக்கெடுவை நீட்டிக்க அரசு விமானத் துறை அதிகாரிகள் அனுமதி கொடுத்தார்கள். வேறு வழியில்லை, அதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் கம்பெனி அந்த அனுமதியைப் படித்த விதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ‘அனுமதி இருக்கிறது, ஆகவே பைலட்டுகள் தயார்’ என்று படித்தார்கள். மாதக்கணக்கில் யாரையும் சிமுலேட்டர் பக்கம் விடவில்லை. விமானங்களை மறுபடி பறக்க விடும் நேரம் வந்ததும், முதல் நாள் பயிற்சியைச் சத்தமில்லாமல் வெட்டினார்கள். நேராக வா, தேர்வுக்கு உட்கார். தேறாவிட்டால் ஒப்பந்தம் நீடிக்காது என்று ஒரு கடிதம் வேறு. வீட்டில் உட்கார வைத்ததும் அவர்கள், துருப்பிடிக்க விட்டதும் அவர்கள், துருப்பிடித்திருக்கிறாய் என்று வெளியே தள்ளப் போவதும் அவர்கள்.

அந்தத் திங்கட்கிழமை என் தேர்வுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். இடது இருக்கையில் ஒரு மூத்த கேப்டன். இருபது வருட அனுபவம், மேலிடத்தில் நல்ல பழக்கம். அவர் பெயர் வேண்டாம். வலது இருக்கையில் துணை பைலட் லோகேஸ்வரி. நாங்கள் லோகா என்று கூப்பிடுவோம்.

லோகா எங்கள் பக்கத்துப் பிள்ளை. மலேசியாவில் கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் போகும் வழியில் உள்ள செம்பனைத் தோட்டத்தில் அவளுடைய அப்பா வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தார். நானும் அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவன்தான், பல வருடங்களுக்கு முன்னால். பன்னிரண்டு வருடம் பறந்தவள். சம்பளமில்லா விடுப்பில் வீட்டுக்கு அனுப்பியதும் ஒரு வாரம் அழுதாள். பிறகு செகிஞ்சான் அரிசி ஆலை ஒன்றில் சின்ன லோரி ஓட்டும் வேலையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் மூட்டை ஏற்றி ரவாங் வரைக்கும் கடை கடையாகப் போட்டுவிட்டு மத்தியானம் திரும்புவாள். வந்ததும் ஒரு மணி நேரம் காக்பிட் பயிற்சி. எப்படி என்றால், காக்பிட்டின் படத்தைப் பெரிய தாளில் அச்சடித்து, பிளைவூட் பலகையில் ஒட்டி, அதற்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்விட்சையும் கையால் தொட்டுத் தொட்டுப் பழகுவது. முடக்கக் காலத்தில் நிறையப் பேர் இதைச் செய்தார்கள். யோசனை சொன்னவன் நான்தான். பலகையைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். பிரமாதம் என்று கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டேன்.

அப்போது சாலைத் தடுப்பு இருந்தது, போய்ப் பார்க்க முடியவில்லை. தடுப்பை எடுத்த பிறகும் போகவில்லை. என் வீட்டிலிருந்து இருபது நிமிட தூரம்.

தேர்வு தொடங்கிய முதல் ஒரு மணி நேரம் சுமாராக ஓடியது. லோகாவுக்குப் பாடம் எல்லாம் மனப்பாடமாக இருந்தது. கேப்டனைவிட அவள்தான் வேகம். ஒன்றை மட்டும் கவனித்தேன். எதைத் தொடப் போனாலும் அவள் கை இரண்டு விரல் அளவு முன்னாலேயே நின்று, தயங்கி, பிறகு போய்ச் சேர்ந்தது. பழக்கம் விட்டுப் போனதால் வரும் தயக்கம் என்று எழுதி வைத்தேன்.

பிறகு ஒன்றாம் எஞ்சினில் தீ வைத்தேன். இடது எஞ்சின். கேப்டன் ஓட்டுகிறார், லோகா ஸ்விட்சுகளைக் கவனிக்க வேண்டும். எஞ்சினை அணைக்கும் ஸ்விட்சுகள் இரண்டு பேருக்கும் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வலது இருக்கையில் இருப்பவருக்கு இரண்டாம் எஞ்சினின் ஸ்விட்ச் கிட்ட, ஒன்றாவது எட்ட. நல்ல எஞ்சினை அணைத்துவிட்டால் கதை முடிந்தது. அதனால்தான் ஒருவர் கையை வைத்துக் கேட்க வேண்டும், மற்றவர் அந்தக் கையைக் கண்ணால் பார்த்து ‘கன்ஃபர்ம்’ சொல்ல வேண்டும். அதன் பிறகே அணைக்கலாம். எத்தனையோ பேர் செத்த பிறகு வந்த முறை இது.

லோகாவின் கண் செக்லிஸ்டில் இருந்தது. கை தானாகப் போய் உட்கார்ந்தது.

“நம்பர் ஒன்?” என்று கேட்டாள்.

“கன்ஃபர்ம்” என்றார் கேப்டன். அவர் தலை திரும்பவே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. வாய் மட்டும் சொன்னது.

லோகா அணைத்தாள். அவள் கை இருந்தது இரண்டாம் எஞ்சின் ஸ்விட்சில். எரிகிற எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, நல்ல எஞ்சின் நின்றது. அறுநூறு அடி உயரம். திரையில் கடல் மேலே வந்தது, பிறகு எல்லாம் சிவப்பாகி நின்றுவிட்டது.

லோகா கையை எடுக்காமல் அந்த ஸ்விட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேப்டன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, “என்ன லா, கவனமா இருக்க மாட்டியா?” என்றார் அவளிடம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்று பிற்பகலே பயிற்சிப் பிரிவு மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவரும் தமிழர்தான், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். விஷயம் எனக்கு முன்பே அவர் காதுக்குப் போயிருந்தது.

“கேப்டன், அந்தப் பொண்ணுதானே தப்பான ஸ்விட்ச அணைச்சுச்சு? அதுக்கு ஃபெயில் போடுங்க. அவருக்கு பாஸ்.”

“அவரு பாக்காமலே கன்ஃபர்ம் சொன்னாரு.”

“அதெல்லாம் பேசித் திருத்திக்கலாம் லா. வியாழக்கிழமை அவரு பினாங்கு ஃபிளைட் எடுக்கணும், ரோஸ்டர் போட்டாச்சு. துணை பைலட்டுங்க நெறைய பேர் கியூல நிக்கிறாங்க. கேப்டனுங்கதான் இல்ல.”

“ரெண்டு பேருக்கும் ஒரு நாள் பயிற்சி குடுத்திருந்தா இது நடந்திருக்காது.”

“அனுமதி இருக்கு கேப்டன். சட்டப்படி நாம எதையும் மீறல.” கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டினார். “உங்க தோட்டத்துப் பிள்ளைனு பாக்குறீங்களோனு நாலு பேரு பேசிடப் போறாங்க. அதுக்குத்தான் சொல்றேன்.”

எப்படி இருக்கிறது பாருங்கள். அவளை மட்டும் பலி கொடுத்தால் நான் நேர்மையானவன். இரண்டு பேரையும் நிறுத்தினால் நான் சொந்த ஊர்ப் பாசம் காட்டுகிறவன். நாளை மத்தியானத்துக்குள் தாள்களைத் தருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வாசலைத் தாண்டும்போது அவர் சொன்னார், “இருபது வருஷம் ஓட்டினவருக்கு மறந்துடுமா கேப்டன்? சைக்கிள் மாதிரிதானே.”

வீட்டுக்குக் காரை ஓட்டும்போது லோகாவின் அந்தக் கைதான் கண்ணுக்குள் நின்றது. தயங்கியது சரி. ஆனால் ஏன் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு முன்னால் நிற்க வேண்டும்? துருப்பிடித்த கை இங்கேயும் அங்கேயும் தடுமாறும். இது தடுமாறவில்லை. எங்கேயோ ஒழுங்காகப் பழகிய கை. பாதி வழியில் காரைத் திருப்பி, பயிற்சி மையத்துக்கே போனேன். அளவு டேப்பை வைத்து சிமுலேட்டரில் இருக்கையிலிருந்து ஸ்விட்சு வரைக்கும், ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் எல்லாம் அளந்து எழுதிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் லோகா வீட்டு வாசலில் நின்றேன். அவளுடைய அப்பா கேட்டைத் திறந்தார்.

“வாங்க தம்பி. பசியாறிட்டீங்களா?”

“ஆச்சுண்ணே. லோகா இருக்கா?”

அவர் பதில் சொல்வதற்குள் அவளே வந்தாள். லோரிக்குப் போகும் சட்டை போட்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“பாஸ் போட்டுடுங்கனு நான் கேக்க மாட்டேன் கேப்டன். நூத்தி எழுபது பேரக் கொன்னுட்டேன். எனக்குத் தெரியும்.”

“பலகைய மட்டும் காட்டும்மா.”

காரை நிறுத்தும் கூரைக்கடியில், துணி போட்டு மூடி வைத்திருந்தாள். துணியை எடுத்தாள். படத்தில் பார்த்ததைவிட நேர்த்தியாக இருந்தது. கேப்டன் இருக்கைக்கு ஒரு நாற்காலி, இவளுக்கு ஒரு நாற்காலி. எதற்குப் பிறகு எது என்று பென்சிலில் குறிப்புகள். கை பட்டுப் பட்டு ஸ்விட்சுகளின் மேல் அச்சு வெளுத்துப் போயிருந்தது. டேப்பின் ஒரு முனையை அப்பா பிடித்துக்கொண்டார், மறு முனையை நான் பிடித்தேன்.

ஒரு சாண் இருக்க வேண்டிய இடத்தில் முக்கால் சாண்தான் இருந்தது. எல்லா இடத்திலும் அப்படியே.

“எங்கம்மா அச்சடிச்ச?”

“கோலசிலாங்கூர் டவுன்ல, கோயில் திருவிழா பேனர் போடுற கடையில. அவங்ககிட்ட இருந்த தாள் இவ்ளோ அகலந்தான்.” சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். “தாளுக்குள்ள அடங்கணும்னு சுருக்கிட்டாங்களா?”

“பலக நான்தான் அறுத்தேன் தம்பி” என்றார் அப்பா. “தாளு எவ்ளோவோ அவ்ளோ அறுத்தேன். வேற அளவு யாரும் எனக்குச் சொல்லலையே.”

அவருக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? நான்தான். இருக்கையில் உட்கார்ந்து ஒரு தடவை கையை நீட்டியிருந்தால் எனக்கு உடனே தெரிந்திருக்கும். படத்தில் எப்படித் தெரியும்? அவள் கை பொய் சொல்லவில்லை. நாங்கள் கொடுத்த அளவுக்கு அது சரியாகத்தான் போனது, எட்ட இருக்கும் ஸ்விட்சுக்கு என்று போய் கிட்ட இருப்பதில் விழுந்தது. மாதக்கணக்காகத் தப்பை ஒழுங்காகப் பழகியிருக்கிறாள். அந்தத் தப்பைப் பிடிக்கத்தான் முதல் நாள் பயிற்சி என்று ஒன்று இருந்தது. அதைத்தான் வெட்டிப் போட்டார்கள்.

“இது என் தப்பும்மா” என்றேன். “பாக்காமலே நல்லாருக்குனு சொல்லிட்டேன்.”

அவள் குரல் உயர்ந்தது. பன்னிரண்டு வருடத்தில் என்னிடம் அவள் குரலை உயர்த்தியது அது ஒரு தடவைதான்.

“ஆறு மாசம் கேப்டன். மூட்டை எறக்கிட்டு வந்து, குளிக்காமக்கூட இதுக்கு முன்னால உக்காந்தேன். நீங்க ஒரே ஒரு நாள் வந்திருக்கலாம்ல? அவரும் பாக்காம கன்ஃபர்ம் சொன்னாரு, நீங்களும் பாக்காம கன்ஃபர்ம் சொன்னீங்க. அப்புறம் நான் மட்டும் எதுக்கு வீட்டுக்குப் போகணும்?”

அப்பா அவளை அதட்டப் பார்த்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவள் கேட்டதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

மத்தியானம் மேலாளர் மேசையில் மூன்று தாள்களை வைத்தேன். லோகாவுக்கு ஃபெயில். கேப்டனுக்கு ஃபெயில். மூன்றாவது பாதுகாப்பு அறிக்கை. அது யார் வேண்டுமானாலும் எழுதலாம். பதிவாகி எண் விழுந்துவிட்டால் கம்பெனியால் கிழித்துப் போட முடியாது, அதிகாரிகளும் படிப்பார்கள். வரும் வழியிலேயே அதைப் பதிவு செய்துவிட்டுத்தான் வந்தேன். நான் சரிபார்க்காமல் ஒரு பயிற்சிப் பலகைக்கு ஒப்புதல் சொன்னேன், அதனால் ஒரு பைலட்டின் கை தப்பாகப் பழகியது, பயிற்சி நாள் நீக்கப்பட்டதால் அது தேர்வு வரைக்கும் யார் கண்ணிலும் படவில்லை என்று எழுதியிருந்தேன். குற்றம் செய்தவர் என்ற இடத்தில் முதல் பெயர் என்னுடையது.

மேலாளர் இரண்டு தடவை படித்தார்.

“உங்க பேரையே நீங்க எழுதிக்கிட்டீங்களா? பைத்தியமா உங்களுக்கு?”

“என் பேரு இல்லாம எழுதினா தோட்டத்துப் பாசம்னு சொல்லுவீங்க.”

“வியாழக்கிழமை ஃபிளைட்ட யாரு எடுப்பா?”

“எடுக்க ஆள் இல்லைனா பறக்காதீங்க.”

“உங்க தேர்வாளர் அனுமதி இந்த வருஷக் கடைசியில முடியுது, ஞாபகம் இருக்குல?” என்றார், மெதுவாக. ஞாபகம் இருந்தது. எனக்கு அந்த வேலை பிடிக்கும். வாங்கியிருந்த வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் கட்ட வேண்டியிருந்தது. பயமாகத்தான் இருந்தது, வீரனாட்டம் பேசிவிட்டு வந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

வியாழக்கிழமை பினாங்கு விமானம் ரத்தானது. ‘தொழில்நுட்பக் காரணம்’ என்று கம்பெனி அறிவித்தது. அதைக் கேட்டு நான் சிரித்தேன், வயிற்றெரிச்சலோடு. அடுத்த வாரம் அதிகாரிகள் கேள்வி கேட்டு எழுதினார்கள். பதினைந்து நாளில் வெட்டிய பயிற்சி நாள் திரும்பி வந்தது. லோகாவுக்கும் அந்தக் கேப்டனுக்கும் மட்டுமல்ல, எல்லாருக்கும். ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள். தேறாவிட்டால் வெளியே என்ற கடிதத்தையும் யாரும் பார்க்காத நேரத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இவ்வளவு சுலபமாகச் செய்ய முடிந்ததை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று இன்று வரைக்கும் எனக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

லோகா நான்கு அமர்வுகளில் கையைத் திருத்தினாள். பழையதை மறப்பதுதான் கஷ்டமாக இருந்தது என்றாள். வேறொரு தேர்வாளர் முன்னால் இருவரும் மறுபடி உட்கார்ந்தார்கள், இருவரும் தேறினார்கள். வருடக் கடைசியில் என் தேர்வாளர் அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. அதோடு வேலையும் போயிற்று, சேவைக்கு நன்றி என்று நல்ல தாளில் ஒரு கடிதம் வந்தது. ஓய்வு பெற்ற கேப்டன் என்று என்னை மேடையில் அறிமுகப்படுத்துகிறார்கள். ஓய்வு நானாகக் கேட்டு வாங்கியதல்ல என்பதை நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. வேலை போனதற்காக அல்ல. பயிற்சி என்பது விமானம் நன்றாக ஓடும் காலத்துக்கான சொகுசு, நெருக்கடி வந்தால் முதலில் வெட்ட வேண்டியது அதுதான் என்று படித்தவர்கள் சூட்டும் கோட்டும் போட்டுக்கொண்டு பேசினார்களே, அதற்காக. நெருக்கடியில்தான் அது அதிகம் வேண்டும். உங்களிடம் யாராவது அனுமதி இருக்கிறது, பற என்று சொன்னால், கடைசியாக நான் எப்போது இதைக் கையால் செய்தேன் என்று உங்களை நீங்களே கேளுங்கள். பதில் உறுத்தினால் எழுத்தில் கேளுங்கள், பயிற்சி வேண்டும் என்று. வாயால் கேட்டால் காற்றோடு போகும். உங்கள் மேல் தப்பிருந்தால் அதையும் சேர்த்தே எழுதுங்கள். அப்போதுதான் மற்றவர் தப்பை எழுத உங்களுக்கு வாய் இருக்கும்.

போன தீபாவளிக்கு லோகா என் வீட்டுக்கு வந்தாள். இப்போது அவளும் கேப்டன் பதவிக்கான பயிற்சியில் இருக்கிறாள். முறுக்கைக் கடித்தபடி அந்த மூத்த கேப்டனைப் பற்றிச் சொன்னாள்.

“போன மாசம் அவரோட கூச்சிங் ஃபிளைட்ல போனேன் கேப்டன். எதைக் கேட்டாலும் குனிஞ்சு பாக்குறாரு. விரல் எங்க இருக்குன்னு பாத்துட்டு, அப்புறந்தான் வாயத் தொறக்குறாரு. சில நேரம் எனக்கே பொறும போயிடுது.”

“என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா?”

“உங்க பேர எடுத்தாலே மூஞ்சத் திருப்பிக்கிறாரு.”

திருப்பிக்கொள்ளட்டும். ஒரு கல்யாணத்தில் எதிரே வந்தபோதுகூட அவர் என்னைப் பார்க்காத மாதிரி போனார். எனக்கு வணக்கம் சொல்லவும் வேண்டாம், இந்தப் பிறவியில் என்னோடு பேசவும் வேண்டாம். குனிந்து பார்க்கிறார் அல்லவா, அது போதும்.